ஏரிக்கரையை விட்டு நகராத கேமரா

வா மருமகனே, உக்காரு. மெட்ராஸ்ல பத்திரிகைப் படிப்புல சேந்துட்டியாம், உங்கம்மா மூணு தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறா. சந்தோசம். நம்ம வடகவுஞ்சில வாழைக்கு விலை சொன்னவன் இருக்கான், காப்பிக்கு விலை சொன்னவன் இருக்கான். சேதிக்கு விலை சொல்ல இப்பத்தான் ஒருத்தன் கெளம்பியிருக்க. அதுலயும் சுற்றுச்சூழல் சேதியாமே! நல்லாப் பொழைக்கிற சோலிதான். தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவன். கையில காசு இல்ல, வாயில கொஞ்சம் புத்தி இருக்கு, அத மொய்யா வாங்கிக்க.

பேரெடுக்கணும்னா மலையேறி வந்ததும் வண்டியக் கொடைக்கானல் ஏரிக்கரையில நிப்பாட்டிரு. பின்னால தண்ணி, படகு, குதிரை, ஒரு துண்டு மேகம். அதுக்கு முன்னால மைக்கப் புடிச்சுக்கிட்டு "இயற்கை அழிந்து வருகிறது"ன்னு தொண்டை கம்மச் சொல்லு. அந்த ஏரியே 1863-ல லெவிஞ்சுன்னு மதுரைக் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரன் கரை போட்டுத் தேக்குனதுன்னு எவனும் எந்திரிச்சுக் கேக்கப் போறதில்ல. ஒரு லாட்ஜ்காரர், ஒரு வாடகைக் கார் டிரைவர், ஒரு நகராட்சி அதிகாரி, மூணு பேரும் கைக்கெட்டுற தூரத்துலயே இருப்பாக. ஆளுக்கு ஒரு வரி வாங்கு, காப்பி குடி, எறங்கிரு. பெருமாள்மலையில பழனி ரோட்டுக்குத் திரும்பி வந்தா நாங்க இருக்கோம். திரும்பிறாத, டீசல் வீண்.

எங்க சேதிக்கு என்ன பண்றதுன்னு முழிக்காத. "கொடைக்கானல் அருகே"ன்னு ரெண்டு சொல்லு எதுக்கு இருக்கு? பேத்துப்பாறையில யானை வந்தாலும் கொடைக்கானல் அருகே, தாண்டிக்குடியில மண்ணு சரிஞ்சாலும் கொடைக்கானல் அருகே. மேல்மலையில கவுஞ்சின்னு ஒரு ஊரு இருக்குல்ல? அங்க நடந்தத இங்கயும் இங்க நடந்தத அங்கயும் போட்டுட்டா என்ன குடி முழுகிப் போகுது? முன்னால இருக்கிற 'வட'ய டீக்கடைப் பலகாரம்னு நெனச்சுத் தின்னுட்டாய்ங்க போல.

சிரிக்காத, வெவரத்தோடதான் சொல்றேன். வண்டி நிக்கிற எடத்தச் சுத்தி எவன் இருக்கானோ, அவன் கவலைதான் அன்னைக்கு இந்த மலையோட கவலைன்னு அச்சாகுது. அதனால ஒரு சேதியப் படிக்கையில எழுதுனவன் எங்கன நின்னு எழுதுனான்னு பாரு. அதுல பேசுனவுகள வெரல் விட்டு எண்ணு. கலெக்டர் ஒண்ணு, வனத்துறை ரெண்டு, ஓட்டல் சங்கம் மூணு, "சமூக ஆர்வலர்" நாலு. இந்தக் காட்டுக்குள்ளயே பொறந்து காட்டுக்குள்ளயே கிழங்கு தோண்டித் தேனெடுத்த பளியருக்கு ஒரு வெரலாச்சும் மடங்குதான்னு பாரு. நானும் தேடிப் பாத்துட்டேன். போட்டாவுல இருக்காக. பேச்சுல இல்ல.

சரி, பாதரசக் கதைக்கு வருவோம். அதுதான் உனக்குப் பாடப் புத்தகம்.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல வாட்டர்டவுன்னு ஒரு ஊரு. அங்க ஓடிக்கிட்டிருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரிய 1980-கள்ல மூட்டை கட்டிக் கொடைக்கானலுக்குக் கொண்டாந்தாய்ங்க. பாண்ட்ஸ் கம்பெனி. 1987-ல அந்தக் கம்பெனியே யூனிலீவர் கைக்குப் போச்சு. பாம்பாறு சோலைக்கு மேல எடம். அப்ப மலை பூராம் ஒரே பேச்சு, வேலைவாய்ப்பு. அங்கிட்டு மூடுனவன் இங்கிட்டு எதுக்குத் தொறக்கிறான்னு கேட்டவன வேலை வெட்டி இல்லாதவன்னாய்ங்க. நல்ல சேதிய எவனும் ரெண்டாந்தரம் படிச்சுப் பாக்கிறதில்ல மருமகனே, அதுலதான் ஊசியச் சொருகுறது.

2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில பாதரசம் ஒட்டுன கண்ணாடிச் சில்லு டன் கணக்குல கெடக்குன்னு பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேந்து வெளிய காட்டுனாக. அந்த வருசமே ஃபேக்டரிக்குப் பூட்டு. 2003-ல 290 டன் கழிவக் கப்பலேத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புனாய்ங்க. அதோட பெரிய பேப்பரெல்லாம் கொட்டாவி விட்டுப் படுத்துருச்சு. வேலை பாத்தவுக 2006-லயே ஹைகோர்ட்டுக்குப் போயி, வாய்தா வாய்தான்னு அலைஞ்சாக. அது எங்கயாச்சும் ஏழாம் பக்கத்துல, கல்யாண விளம்பரத்துக்குக் கீழ வந்திருக்கும்.

2015 ஜூலைக் கடைசியில சோஃபியா அஷ்ரஃப்னு நம்ம மெட்ராஸ் பொண்ணு, நிக்கி மினாஜோட மெட்டுல ஒரு ராப் பாட்டப் பாடி எறக்கிருச்சு. அந்த நிக்கி அம்மாவே அத எடுத்து உலகத்துக்குக் காட்டிருச்சு. லட்சக்கணக்குல பாத்தாய்ங்க. அப்பறம் என்ன, லண்டன்லயும் நியூயார்க்லயும் கொடைக்கானல் பேரு. மறு வருசம் மார்ச்சுல 591 முன்னாள் தொழிலாளிகளோட கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு. பாதரசம் 2001-லயும் அதே பாதரசந்தான். மெட்டுதான் புதுசு. பாடுன பொண்ணுக்குக் கோயில் கட்டினாலும் தகும், நான் அதுக்குக் குறுக்க நிக்கல. பதினாலு வருசம் கண்ணத் தொறக்காதவன், பாட்டக் கேட்டதும் "அதிர்ச்சித் தகவல்"னு எழுதுறான் பாரு, அவனத்தான் கேக்குறேன். யாருக்குடா அதிர்ச்சி? மூஞ்சிக்கல்காரனுக்கா?

இன்னொண்ணு. சோப்பு, ஷாம்பு, டீத்தூள்னு டிவி விளம்பரத்துக்குக் காசு கொட்டுறதுல நம்ம நாட்டுலயே பெரிய கை அந்தக் கம்பெனிதான். அதனாலதான் அமுக்கிட்டாய்ங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லாம சொன்னா நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். சேதி ஓடுறப்ப நடுவுல வர்ற விளம்பரத்தையும் சேத்துப் பாருன்னு மட்டும் சொல்றேன். பாக்கிறதுக்கு யாரும் கட்டணம் கேக்கல.

கம்பெனியத் திட்டிப்புட்டேன்னு நம்ம பக்கம் எல்லாம் யோக்கியம்னு நெனச்சிராத. 290 டன்னு சொன்னேன்ல, அது கழிவோட எடை. உடைஞ்ச தெர்மாமீட்டர், கண்ணாடி, கசடு எல்லாம் சேத்து. அத "290 டன் பாதரசம்"னு ஒரு பய எழுதுறான்னு வையி. நமக்கு நல்லதுதானே சொல்றான்னு நீ கைதட்டுவ. எதிர்த்தாப்புல இருக்கிற வக்கீல் அந்த ஒத்த வரியப் புடிச்சுத் தொங்குவான். இது பொய்யின்னா மத்ததும் பொய்யின்னு கோர்ட்டுல நிரூபிச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருவான். நமக்காகப் பேசுறவன் சொல்ற கணக்கத்தான் ரெண்டு மடங்கு சரி பாக்கணும்.

சின்ன எண்ணுலயும் சூது இருக்கு. மண்ணச் சுத்தம் பண்றதுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்னு ஒரு அளவு வச்சாய்ங்க. அது கூடுதல்னு போராடுனவுக மல்லுக்கட்டுனாக. 20 மில்லிகிராமுன்னு மொட்டையாப் படிச்சா என்ன தோணும்? பழனியில திருநீறு பூசிட்டு நெத்தியத் தட்டிவிடுறோமே, அதுலயே அதவிட அதிகம் உதிரும். இதுக்குப் போயி இம்புட்டுக் கூப்பாடான்னு வாசிக்கிறவன் பக்கத்தத் திருப்பிருவான். ஆனா அது ஒவ்வொரு கிலோ மண்ணுக்கும். மண்ணு ஏக்கர் கணக்குல இருக்கு, சரிவுல இருக்கு, கீழ சோலை, அதுக்குக் கீழ பாம்பாறு, அது கும்பக்கரைக்கு எறங்குது. இம்புட்டையும் பக்கத்துல நிறுத்துனா அந்த 20-க்கு வேற மூஞ்சி. எண்ணு ஒண்ணுதான், அத எதுக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறான்ங்கிறதுலதான் எழுதுறவன் கைவேலை.

தலைப்பையும் பாரு. ஒப்பந்தம் போட்டதும் "பாதரச விவகாரம் முடிவுக்கு வந்தது". எது முடிஞ்சுச்சு? வேலை பாத்தவுகளுக்கும் கம்பெனிக்கும் இருந்த வழக்கு முடிஞ்சுச்சு. பாதிப்பே இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்த கம்பெனி, மனிதாபிமானத்துல குடுக்கிறோம்னு குடுத்துச்சு, எம்புட்டுன்னு வெளிய சொல்லல. மண்ணு அப்படியே கெடந்துச்சு. மண்ணு வழக்குப் போடாதுல்ல, அதனால முடிஞ்சுருச்சுன்னு எழுத ரொம்ப வசதி.

உனக்கு ஒரு கேள்வி. பைன் காட்டுல நின்னு எத்தன செல்ஃபி எடுத்த? உண்மையச் சொல்லு. அத "இயற்கையின் கொடை"ன்னு வாராவாரம் ஒரு பத்திரிகை எழுதுது. 1906-ல பிரையண்ட்ங்கிற வனத்துறை வெள்ளைக்காரர் நட ஆரம்பிச்ச மரம் அது. நம்ம மலை உச்சியில இருந்தது புல்லு. பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு, அதுதான் இந்த மலையோட சொந்த உடுப்பு. தோல் பதனிடப் பட்டை வேணும்னு வாட்டில், வெறகுக்கும் கூழுக்கும் யூகலிப்டஸ், அப்பறம் பைன்னு சர்க்காரே நட்டுது. செயற்கைக்கோள் படத்த வச்சு 1973-லேர்ந்து 2014 வரைக்கும் ஆராய்ச்சி பண்ணவுக 2018-ல சொன்னாக: பழனி மலையில புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிருச்சாம். மலையில தண்ணியப் புடிச்சு வச்சு கோடையில கொஞ்சங் கொஞ்சமா விடுறது அந்தப் புல்லுதான். போன எடத்துல எல்லாம் மரம் நிக்குது. பச்சையா நிக்குதா, கேமராவுக்கு அது "அடர்ந்த வனம்". புல்லு போனா யாரு அழுதா? ஒரு எம்.எல்.ஏ. மரக்கன்னு நட்டா நாலு காலம் போட்டா. புல்லு நட்ட எம்.எல்.ஏ. எவராச்சும் இருந்தா காட்டு, நானே மாலை வாங்கிப் போடுறேன். அந்நிய மரத்த வெட்டி எடுக்கணும்னு வெவரம் தெரிஞ்சவன் சொன்னா, "மரங்களை வெட்டத் திட்டம்"னு தலைப்பு வைக்கிறாய்ங்க. இதுல ஒருத்தனும் பொய் சொல்லல பாத்துக்க. காசு வாங்கவும் இல்ல. பச்சைன்னா நல்லதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது அப்படியே அச்சாகுது. காசு வாங்குனவனக் கண்டுபிடிச்சுரலாம், நம்பிக்கையோட தப்பா எழுதுறவனக் கண்டுபிடிக்கத்தான் உனக்கு ரெண்டு கண்ணாடி வேணும்.

பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு தெரியுமா? உனக்கு எங்க தெரியும், பொறக்கவே இல்ல. மலையில ரெண்டு மாடிக்கு மேல கட்டக் கூடாதுங்கிற எடத்துல ஏழு மாடி கெளப்புனாய்ங்க. பழனிமலைப் பாதுகாப்புக் குழுதான் கோர்ட்டுக்குப் போச்சு. அதுக்கு விதிய வளைச்சு அனுமதி குடுத்தாகன்னு ஜெயலலிதாம்மாவுக்கு 2000 பிப்ரவரி 2-ல ஒரு வருசத் தண்டனை. அந்தத் தீர்ப்ப எதுத்து அன்னைக்கே தருமபுரியில பஸ்ஸக் கொளுத்தி மூணு காலேஜ்ப் புள்ளைக போச்சுக. அந்தக் கொடுமைக்கு முன்னால வேற எது எடுபடும்? 2001-ல ஹைகோர்ட் அந்தம்மாவ விடுவிச்சுருச்சு. அந்தக் காலத்துல ஒரு வீட்டுல எந்த டிவி ஓடுதுன்னு பாத்தே அந்த வீட்டுக்காரன் எந்தக் கட்சின்னு சொல்லிறலாம். ஒரே வழக்கு ரெண்டு டிவியில ரெண்டு வழக்கா ஓடுச்சு. ஆனா ரெண்டு டிவிக்காரனும் ஒரு விசயத்துல ஒத்துமையா இருந்தாய்ங்க. மலைச்சரிவுல ஏழு மாடி ஏன் கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லல. கட்சிக்காரன் கண்ணுல கட்சி தெரிஞ்சுச்சு, மலை தெரியல.

யானைக்கு வருவோம். "ஊருக்குள் புகுந்து யானைகள் அட்டகாசம்". அஞ்சுவீடு, பேத்துப்பாறை, கணேசபுரம் பக்கமெல்லாம் இது மாசாமாசம் வர்ற தலைப்பு. படிச்சா யானை சாயந்தரம் நாலு பேரக் கூட்டிக்கிட்டு, தண்ணியப் போட்டுட்டு வம்புக்கு வந்த மாதிரியே இருக்கும். நேத்து வரைக்கும் அது நடந்த தடத்துல இன்னைக்கு வேலி போட்டது யாரு, வெளிச்சத்தப் போட்டு ராத்திரியப் பகலாக்குனது எந்தக் காட்டேஜு, அதெல்லாம் ரெண்டாம் பத்தியில கூட இருக்காது. அதேநேரம், வாழையும் அவரையும் பறிகொடுத்தவன வில்லனாக்கி, யானையத் தெய்வமாக்கி எழுதுற இங்கிலீஷ் பத்திரிகைக்காரனும் இருக்கான். ராத்திரி டின்னத் தட்டிக்கிட்டு முழிச்சிருந்தவனுக்கு அவன் கட்டுரையப் படிச்சுக் காட்டணும், யாரு அட்டகாசம் பண்ணுவாகன்னு அப்பத் தெரியும்.

நம்மாளுக மட்டும் என்ன? நம்ம தெருவுல ஒருத்தன் (பேரச் சொன்னா நாளைக்கு டீ குடிக்க முடியாது) ஒத்தக் கொம்பன் வந்து பத்து வாழையச் சாச்சதுக்கு, நிருபருக்குப் போனப் போட்டு "அஞ்சு யானை, அரை ஏக்கர்"னான். மறுநாள் பேப்பர்ல எட்டு யானை. அவன் நட்டஈட்டுக்குக் கூட்டுனான், நிருபரு தலைப்புக்குக் கூட்டுனாரு. ஏழை சொன்னா உண்மை, பணக்காரன் சொன்னா பொய்யின்னு ஒரு தராசு வச்சிருக்கியே, அத மெட்ராஸ்லயே வித்துட்டு வா.

இ-பாஸ் வந்துச்சே, அதுல இன்னும் கூத்து. ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7-லேர்ந்து இ-பாஸ் இல்லாம சுற்றுலா வண்டி ஏறக்கூடாதுன்னாக. 2025 ஏப்ரல் 1-லேர்ந்து கோடை சீசனுக்கு, சாதாரண நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டிதான்னு கணக்கு வச்சாக. ஒரு சேனல்ல "வியாபாரிகள் வேதனை, வெறிச்சோடிய கொடைக்கானல்". அதே நாளு இன்னொரு சேனல்ல "குவிந்த சுற்றுலாப் பயணிகள், போக்குவரத்து நெரிசல்". ரெண்டும் நெசமாத்தான் இருக்கும். ஒருத்தன் செவ்வாக்கிழமை காலையில எடுத்திருப்பான், ஒருத்தன் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எடுத்திருப்பான். எந்தக் கெழமை, எத்தன மணின்னு போடாத படத்த நம்பாத. குப்பை அள்ளுற அம்மாவக் கேட்டானா? கொறஞ்சுருக்கா கூடியிருக்கான்னு மூட்டையத் தூக்குற முதுகுக்குத் தெரியாதா? அந்த அம்மா சொல்றதுதான் இந்த விசயத்துல புள்ளிவிவரம். அப்பறம் அதே பத்திரிகை, அஞ்சாம் பக்கத்துல "மூச்சுத் திணறும் மலைகளின் இளவரசி"ன்னு கண்ணீர் விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை இலவச இணைப்புல "வாங்க போகலாம் கொடைக்கானல்"னு பத்து எடம் போடும், ஓட்டல் விளம்பரத்தோட. அழுகுறதுக்கு ஒரு பக்கம், அழைக்கிறதுக்கு ஒரு பக்கம்.

மெதுவாச் சாகுறது மட்டும் என்னைக்கும் சேதி ஆகாது. நம்ம விருப்பாச்சி வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து 1970-கள்லேர்ந்து தோட்டந் தோட்டமாப் போச்சு. அசுவினிப்பூச்சி பரப்புற வைரஸு. எரியிறதும் இல்ல, வெடிக்கிறதும் இல்ல, கொருத்து சுருங்கிக் கொத்தா நின்னு போயிரும். எங்கப்பன் தலைமுறையில பாதிப்பேரு வாழைய விட்டதே அதனாலதான். மலை வாழைக்கு 2008-ல புவிசார் குறியீடு வந்துச்சு, 2019-ல பழனி பஞ்சாமிர்தத்துக்கும் வந்துச்சு. அன்னைக்கு எல்லா சேனல்லயும் பஞ்சாமிர்தம் வழியுது. அதுல விழுற பழம் எந்த மலையில, எந்த நோயோட மல்லுக்கட்டி வருதுன்னு கேக்க ஒரு மைக்கும் இங்கிட்டுத் திரும்பல. காட்டுத் தீயும் அப்படித்தான். மாசி பங்குனி வந்தா எங்கனயாச்சும் ஒரு சரிவு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. "மர்ம நபர்கள்"னு ரெண்டு வரியில முடிஞ்சுரும். 2018 மார்ச் 11-ல குரங்கணியில மலையேறப் போன புள்ளைக தீயில சிக்கி 23 உசுரு போன பிறகுதான் காடு எரியும்ங்கிறதே தமிழ்நாட்டுக்குத் தெரிஞ்சுச்சு. அதுவும் ஒரு வாரம். அதுல கேலி பேச எனக்கு வாய் வரல.

என்ன, நோட்டு மூடிட்ட? மாமன் சொல்றதெல்லாம் தங்கம்னு குறிச்சுக்கிட்டே வந்த, கடைசிப் பக்கத்துக்கு எடம் விடு. எனக்கு ரோட்டோரம் மூணு ஏக்கர் வாழை இருக்கு. யானை வந்தா எனக்குத்தான் நட்டம். உன் சின்ன மாமன் வாடகை வண்டி ஓட்டுறான், இ-பாஸுன்னா அவனுக்கு வயிறு எரியும், அந்த எரிச்சல் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பாதுகாப்புக் குழு ஆளுக நாலு பேரு என் வீட்டுல காப்பி குடிச்சவுக, அதனால அவுக தப்பு என் கண்ணுக்குப் பாதிதான் தெரியும். என்னைய நீ பேட்டி எடுத்துப் போடுறதா இருந்தா, "வடகவுஞ்சி விவசாயி ஒருவர்"னு மொட்டையாப் போடாம இம்புட்டையும் சேத்துப் போடு. ஊருப் பேர்ல அந்த 'வட'ய மட்டும் தின்னுறாத.